கலப்பு வேறு, கலப்படம் வேறு

காலை நடைக்கு வரும் எங்கள் குழுவில் போன வாரம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. "டீசலில் எண்ணெய் கலக்கிறார்கள். இரண்டே வருடத்தில் உங்கள் கார் இன்ஜின் காலி. உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்." அனுப்பியவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு நண்பர் இதற்கு நேர்மாறாக ஒன்றைப் போட்டார். "பயோடீசல் ஊற்றினால் புகையே வராது, மைலேஜ் கூடும், விவசாயி கோடீஸ்வரன் ஆவான்." மறுநாள் காலை பூங்கா வாசலில் இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், நீங்கதான் டீசல் ஆளாச்சே, எது நிஜம்?"

இரண்டுமே பொய் என்றேன். இருவருக்கும் கோபம். வழக்கமாக அத்தோடு விட்டுவிடுவேன். இந்தத் தடவை விட மனமில்லை. காரணம், இந்த விஷயத்தில் என் வாயால் ஒரு பையனுக்கு 78,000 ரூபாய் நஷ்டம் வந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

முதலில் நான் யார் என்று புதிதாக வந்தவர்களுக்கு. ஒரு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்து மூன்று வருடம் வேலை. அதில் பெரும்பகுதி டீசல் பம்ப், நாசில் பார்க்கும் பிரிவில். கதவைச் சாத்தி, தூசி வராமல், வெள்ளைத் துணி விரித்து பிளஞ்சரைக் கழற்றும் அறை அது. ஆபரேஷன் தியேட்டர் என்றுதான் மற்ற பிரிவுக்காரர்கள் கேலி செய்வார்கள். டீசலை மோந்து பார்த்தே மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு மூக்கு பழகிவிட்டது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், ரேஷன் கடை நீல மண்ணெண்ணெய் எந்தெந்த லாரியின் டேங்கில் போய் முடிந்தது என்று. அதை வெளுக்க வைக்கிற வித்தை தெரிந்தவர்களும் இருந்தார்கள். பம்புக்கு உள்ளே பிளஞ்சருக்கு டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு கிடையாது. கீறல் விழுந்த பிளஞ்சரை எத்தனை முறை மேஜையில் வைத்துப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்!

இப்போது அந்தப் பையன் கதை. எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறான். என்னைப் பெரியப்பா என்பான். கடன் வாங்கி ஒரு டீசல் கார் எடுத்து, திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல், பழனி என்று வாடகைக்கு ஓட்டுகிறான். ஒருநாள் டீக்கடையில் பயோடீசல் பற்றிப் பேச்சு வந்தது. நான்தான் வாய் திறந்தேன். "நல்ல பொருள்தாம்பா. புகை குறையும். பம்புக்கு வழுவழுப்பு கிடைக்கும். வெளிநாட்டில் எல்லாம் கலந்துதான் ஓட்டுகிறான்" என்றேன். அவன் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு மாதம் கழித்து மார்கழியில் ஒருநாள் விடியற்காலை கொடைக்கானலிலிருந்து போன். "பெரியப்பா, வண்டி ஸ்டார்ட் ஆகலை. ரூம்ல பார்ட்டி கத்துறாங்க." குடும்பத்தோடு வந்தவர்கள், மதியம் மதுரையில் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு வேறு வண்டி பிடித்துக் கொடுத்து, அந்த வாடகையும் இவன் கையிலிருந்து போனது. வெயில் ஏறிய பிறகு வண்டி எப்படியோ உயிர் பெற்று, இருமிக்கொண்டே மலை இறங்கியது. வீட்டு வாசலில் பில்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக, மாட்டுக் கொழுப்பு ஒட்டியது போல இருந்தது.

"என்ன ஊத்துன தம்பி?"

"பயோடீசல்தான் பெரியப்பா. நீங்கதானே நல்லதுன்னீங்க."

நெடுஞ்சாலை ஓரம் ஒரு தகரக் கொட்டகையில் வாங்கியிருக்கிறான். லிட்டருக்கு 14 ரூபாய் குறைவாம். பில் கிடையாது. டேங்கில் பாதிக்கு மேல் அதுதான். வீட்டிலும் ஒரு கேன் நிறைய வைத்திருந்தான். ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்து எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். வீட்டம்மா போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. இரவு போய்க் காலையில் பார்த்தால், மார்கழித் தேங்காய் எண்ணெய் போலப் பாதி உறைந்து நிற்கிறது.

பிறகு, கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற நண்பர் வீட்டுக்கு அதைக் கொண்டுபோனேன். அவர் ஒரு சின்னப் பரிசோதனை செய்தார். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி சரக்கை விட்டுக் குலுக்கி வைத்தார். சரியான பயோடீசல் அப்படியே கரைந்துவிடும். மாறாத எண்ணெய் அடியில் தங்கும். அடியில் நன்றாகவே தங்கியது. "இது பாதி வெந்த சோறு. பயோடீசல் என்று பெயர் வைத்திருக்கிறான், அவ்வளவுதான்" என்றார்.

ஒரு மாதத்துக்குள் நான்கு இன்ஜெக்டரும் போயின. பம்பையும் பிரித்து வேலை பார்க்க வேண்டியதாயிற்று. மொத்தம் 78,000. இரண்டு மாதத் தவணை கட்ட முடியவில்லை. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. டீக்கடையில் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதி இதோ.

எண்ணெயை அப்படியே ஊற்றினால் அது பயோடீசல் ஆகாது. ருடால்ப் டீசலின் இன்ஜின் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். அந்தக் கால இன்ஜின் எதையும் விழுங்கும். இன்றைய காமன் ரெயில் காரில் எரிபொருள் 1,600 பார் அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது. லாரி டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல இருநூறு மடங்கு. இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் கெட்டியான எண்ணெய் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயை மெத்தனாலோடும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவோடும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் பிரிந்து அடியில் இறங்கும். மேலே நிற்பது மெத்தில் எஸ்டர். அதைக் கழுவி, நீரை எடுத்து, சுத்தம் செய்தால்தான் பயோடீசல். நம் நாட்டிலேயே இதற்குத் தரம் இருக்கிறது, ஐ.எஸ். 15607 என்று எண் போட்டு. நூற்றில் குறைந்தது 96.5 பங்கு எஸ்டர் இருக்க வேண்டும், நீர் இவ்வளவுக்கு மேல் கூடாது, அமிலம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. அந்தக் கொட்டகைக்காரனுக்கு இதில் எதுவும் கட்டுப்படுத்தாது.

இனி முதல் வாட்ஸ்அப் நண்பருக்குப் பதில். தரமான பயோடீசல் 7 விழுக்காடு வரை டீசலில் இருக்கலாம் என்று நம் பிஎஸ்-6 டீசல் தரமே அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் பல வருடங்களாகக் கோடிக்கணக்கான கார்கள் இந்த 7 விழுக்காட்டில் ஓடுகின்றன. இரண்டு வருடத்தில் இன்ஜின் காலியாகும் என்றால் அங்கே தெருவெல்லாம் காலியான இன்ஜினாக அல்லவா கிடக்க வேண்டும்? 2004ல் பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காட்டாமணக்கிலிருந்து தயாரித்த எரிபொருளில், டீசல் கலக்காமலேயே, பென்ஸ் கார்கள் இந்தியாவுக்குள் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் ஓடின. பொருள் சரியாக இருந்தால் ஓடும்.

சொல்லப்போனால், கந்தகத்தை எடுத்துவிட்ட இன்றைய டீசலில் இயற்கையான வழுவழுப்பு குறைவு. பிஎஸ்-4ல் 50 பிபிஎம் இருந்த கந்தகம் பிஎஸ்-6ல் 10 ஆகிவிட்டது. கந்தகத்தை எடுக்கும்போது வழுவழுப்பும் சேர்ந்து போகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க ஒன்றிரண்டு விழுக்காடு பயோடீசல் போதும். மண்ணெண்ணெய் தின்ற பிளஞ்சர்களைப் பார்த்தவன் நான். எனக்கு இது சின்ன விஷயமல்ல.

இரண்டாவது நண்பருக்கும் பதில் உண்டு. மைலேஜ் கூடாது, குறையும். ஒரு லிட்டர் பயோடீசலில் டீசலைவிட எட்டு விழுக்காடு அளவுக்குச் சக்தி குறைவு. 7 விழுக்காடு கலந்தால், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் காரில் நூறு மீட்டர் சொச்சம் குறையும். டயரில் காற்று குறைந்தால் இதைவிட அதிகம் போகும். 20 விழுக்காடு என்றால் முந்நூறு மீட்டருக்கு மேல். ஏற்றத்தில் கூர்ந்து கவனிக்கும் டிரைவர் கண்டுபிடிக்கலாம்.

புகை? குறையும். எஸ்டரில் ஆக்சிஜன் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அதனால் கரி குறைவாக உண்டாகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002ல் பல சோதனைகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது. 20 விழுக்காடு சோயா பயோடீசல் கலந்தால் புகைத் துகள் சுமார் 10 விழுக்காடும், கார்பன் மோனாக்சைடு 11ம், எரியாத ஹைட்ரோகார்பன் 21ம் குறைகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு 2 விழுக்காடு கூடுகிறது. ஆனால் இந்த எண்கள் பழைய பெரிய லாரி, பஸ் இன்ஜின்களில் எடுத்தவை. இதை அப்படியே எடுத்துப் புதுக் காரின் தலையில் வைக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 டீசல் காரில் கரியைப் பிடிக்கத் தனி வடிகட்டி இருக்கிறது. அது கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும். பிறகு பயோடீசல் வந்து குறைக்க அங்கே மிச்சம் என்ன?

புதுக் காருக்கு இதில் ஒரு கெடுதலும் உண்டு. அந்த வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க, சில இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கொஞ்சம் எரிபொருளைப் பின்னால் தெளிக்கும். அதில் ஒரு பகுதி சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் இறங்கும். டீசல் என்றால் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். எஸ்டர் அவ்வளவு எளிதில் ஆவியாகாது, ஆயிலிலேயே தங்கி அதை நீர்க்க வைக்கும். ஊருக்குள்ளேயே கோவில், மருந்துக்கடை என்று இரண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் நம் மாதிரி கிழவர்களின் காருக்குத்தான் இது அதிகம். அதிகக் கலப்பு வந்தால் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். இதை எந்த வாட்ஸ்அப்பும் சொல்வதில்லை.

பழைய காருக்கு வேறு பிரச்சினை. எங்கள் பணிமனையில் ஒரு பழைய பஸ்ஸில் பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தோம். கரும்புகை குறைந்தது நிஜம். பின்னால் நின்றால் பஜ்ஜி வாசனை. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் மூன்று பில்டர் அடைத்தது. அதைத் தலைமுழுகிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால், இருபது வருடமாக டேங்க் சுவரில் ஒட்டியிருந்த அழுக்கை அது கழுவிக்கொண்டு வந்திருந்தது. மூன்றாவது பில்டருக்குப் பிறகு அடைப்பு நின்றது. சில பழைய ரப்பர் குழாய்களும் உப்பிப்போய் மாற்ற வேண்டி வந்தது. ஆக, பழைய வண்டிக்காரர் கையில் ஒரு பில்டர் வைத்துக்கொண்டு, குழாயையும் பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, விவசாயி கோடீஸ்வரன் ஆன கதை. சின்ன வயதில் வேலியோரம் காட்டாமணக்குத் தண்டை ஒடித்து, அதன் பாலில் குமிழி ஊதி விளையாடாதவர் நம்மில் யார்? அந்தச் செடியை வைத்துத்தான் 2003ல் திட்டக் கமிஷனின் குழு ஒரு பெரிய கணக்குப் போட்டது. 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு. பிறகு 2009 கொள்கையில் அதே 20 விழுக்காடு 2017க்குத் தள்ளிப்போனது. 2018 கொள்கையில் 5 விழுக்காடு என்று சுருங்கி 2030க்குப் போய்விட்டது. நடைமுறையில் நாடு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. தரிசில் தண்ணீர் இல்லாமல் காய்க்கும் என்று நம்பி நட்டவர்கள் ஏமாந்தார்கள். வறட்சியில் செடி சாகாது, வாஸ்தவம். சாகாமல் இருப்பது வேறு, காய்ப்பது வேறு. இதை எந்த மானாவாரி விவசாயியும் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

பனை எண்ணெயை இறக்குமதி செய்து கலக்கலாமே என்பவர்களுக்கு ஒரு கூட்டல் கழித்தல். நாட்டின் டீசல் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி டன். அதில் 5 விழுக்காடு 45 லட்சம் டன். நாம் சமையலுக்கே ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி டன் எண்ணெயை வெளியிலிருந்து வாங்குகிறோம். தாளிக்க எண்ணெய் இல்லாதவன் காருக்கு எண்ணெய் ஊற்றுவதா? இந்தோனேசியா 40 விழுக்காடு கலக்கிறது என்றால் அவன் நாட்டில் பனை எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது.

அப்படியானால் பயோடீசலே வேண்டாமா? வேண்டும். அதற்கு நான் சொல்லும் காரணம் புகையும் அல்ல, மைலேஜும் அல்ல. நம் வயிறு.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பெரிய கடையில் கறுத்துப்போனதைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சின்னத் தள்ளுவண்டிக்கு விற்கும் வழக்கம் நம் ஊர்களில் புதிதல்ல. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எண்ணெயில் கெட்டுப்போன துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அதே ஆண்டு, அந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆலைக்கு அனுப்பும் திட்டத்தையும் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் உணவுப் பாதுகாப்புத் துறை இதை நடத்துகிறது. நல்ல திட்டம். நிலம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், இறக்குமதி வேண்டாம். பேரப்பிள்ளை தின்னும் போண்டாவில் போக வேண்டிய விஷம், சுத்தமாகி டேங்கில் எரிந்து போகும். நாடு முழுவதும் சேர்த்தாலும் டீசல் தேவையில் அது சிறு பங்குதான். இருக்கட்டும். இன்ஜினுக்கு ஆகாது என்று பதறும் நாம், அதே எண்ணெய் வடையாக வந்தால் இரண்டு வாங்கிச் சாப்பிடுகிறோமே!

ஆகவே என் கட்சி இதுதான். தரம் பார்த்து, அளவு சொல்லி, பில் போட்டுச் சேர்ப்பது கலப்பு. மறைத்துச் சேர்ப்பது கலப்படம். முன்னதை எதிர்ப்பவரும் பின்னதைக் கண்டுகொள்ளாதவரும் ஒரே ஆளாக இருப்பதைத்தான் நான் தினம் பார்க்கிறேன். அரசாங்கம் 7 விழுக்காடு கலந்தால் குய்யோ முறையோ என்பார். கொட்டகையில் 14 ரூபாய் மலிவு என்றால் நூறு விழுக்காடும் ஊற்றுவார்.

எண்ணெய் நிறுவனங்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 2018 அக்டோபர் முதல் ஒவ்வொரு டீசல் பம்பிலும் ஒரு சதுர வில்லை ஒட்டியிருக்கிறது. உள்ளே பி7 என்று எழுதியிருக்கும். புதுக் காரின் டேங்க் மூடியிலும் அதே சதுரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இரண்டையும் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். நான் டீசல் போடும் பங்கில் சிரித்த முகத்தோடு விளம்பரப் படங்கள் நிறைய இருக்கின்றன. இந்தச் சின்னச் சதுரத்துக்கு மட்டும் இடமில்லை. கலப்பது நல்லது என்றால் சொல்லிவிட்டுக் கலப்பதில் என்ன கூச்சம்? சொல்லாமல் விடுவதால்தான் வாட்ஸ்அப் வதந்திக்கும் தகரக் கொட்டகைக்கும் ஒருசேர வியாபாரம் நடக்கிறது. பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு ஆனபோது கிளம்பிய கூச்சலைப் பார்த்தோமே. அது வேறு பொருள், வேறு கணக்கு. ஆனால் பாடம் ஒன்றுதான்.

நம்மால் முடிந்ததும் கொஞ்சம் உண்டு. டீசல் போடும்போது அடர்த்தியைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக் குடுவையும் மிதவையும் பங்கில் இருக்கும், கேட்பது உங்கள் உரிமை. காரோடு கொடுத்த கையேட்டை ஒருமுறையாவது திறந்து எத்தனை விழுக்காடு வரை ஆகும் என்று பாருங்கள். பில் இல்லாத எரிபொருளை, அது என்ன பெயரில் வந்தாலும், தொடாதீர்கள். மாலையில் பஜ்ஜி வாங்கும் கடையில், பழைய எண்ணெயை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்கிறேன். ஒரு கடைக்காரர் முறைத்தார். இன்னொருவர், "சேகரிக்க வந்தா கொடுத்துடுவேன் சார், யாரும் வர்றதில்லை" என்றார். அந்தப் பதிலை எழுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

பையன் போன மாதம் தவணை பாக்கியைக் கட்டி முடித்தான். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. முந்தாநாள் டீக்கடையில் பார்த்தபோது, "பெரியப்பா, எலக்ட்ரிக் கார் எப்படி?" என்றான். நான் டீயை முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. "முழுசா விசாரிச்சுட்டுச் சொல்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.